புது உப்புநீர்த் தொட்டியில் பழுப்பு, சிவப்பு, பச்சை: எது என்ன பாசி?

கேள்வி:

ஐயா, நான் மதுரை திருநகரில் இருக்கும் பள்ளி ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனின் ஆசைக்காக ஏழு வாரங்களுக்கு முன் வீட்டில் ஓர் உப்புநீர் மீன்தொட்டி வைத்தோம். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். காய்ந்த கல்லும் அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணலும் போட்டு, பாக்கெட் உப்பைச் சமையலறை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். வீட்டில் போர் தண்ணீர்தான். ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ். 80 (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு). நான்காவது வாரம் அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்த பிறகு இரண்டு கோமாளி மீன்களும் ஐந்து நத்தைகளும் விட்டோம். எல்லாம் நன்றாக இருக்கின்றன.

மூன்றாவது வாரத்திலிருந்து மணலிலும் கண்ணாடியிலும் பழுப்பாகப் படிகிறது. துடைத்தால் போகிறது, மறுநாள் வந்துவிடுகிறது. காலையில் குறைவாகவும் சாயங்காலம் அதிகமாகவும் தெரிகிறது. சில இடங்களில் சிறு குமிழிகள். பத்து நாளாக வலது மூலையில் கருஞ்சிவப்புப் படலம். மேல் கல்லில் பச்சை ரோமம். மகன் இணையத்தில் தேடிவிட்டு, 'இது டைனோ, தொட்டியையே காலி பண்ணணும்' என்று அழுகிறான். கடையில் பாசிக்கொல்லி என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள், இன்னும் ஊற்றவில்லை. ராமேஸ்வரம் போய்க் கடல் தண்ணீரும் கல்லும் எடுத்து வரலாம் என்கிறார் கணவர். விளக்கு காலை 9 முதல் இரவு 9 வரை எரிகிறது. கிழக்கு ஜன்னல் வெயிலும் கொஞ்சம் படும். தீவனம் மூன்று வேளை. தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கர் ஒன்று, இடது பக்கம். நைட்ரேட் 20 பிபிஎம். இது என்ன பாசி, என்ன செய்வது?

பதில்:

வணக்கம் டீச்சர்.

முதலில் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்: தொட்டியைக் காலி செய்ய வேண்டாம். அந்தப் பாட்டிலையும் திறக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் தொட்டியில் இருப்பது ஒரு பாசி இல்லை, மூன்று. மூன்றும் வேறு வேறு உயிர்கள், வேறு வேறு காரணத்தால் வந்தவை. பழுப்பு பெரும்பாலும் டயாட்டம் என்ற ஒரு செல் நுண்பாசி. மூலையில் இருக்கும் கருஞ்சிவப்பு சயனோபாக்டீரியா. பச்சை, இளம் முடிப்பாசி. தம்பி பயப்படும் 'டைனோ', அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நீந்தும் நுண்ணுயிராக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் அந்தச் சந்தேகத்தைச் சும்மா ஒதுக்கிவிடவும் கூடாது. அதனால் அதையே முதலில் தீர்த்துக்கொள்வோம்.

இதில் நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருக்கிறது. டயாட்டமும் டைனோவும் வெறுங்கண்ணுக்கு ஒரே பழுப்பு. வைத்தியமோ நேரெதிர். டயாட்டத்துக்குத் தண்ணீரைச் சுத்தமாக்கினால் போதும், தானே அடங்கும். டைனோ பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிப்போன தொட்டியில்தான் தலையெடுக்கும். மற்ற பாசிகளும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒதுங்கிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் பழுப்பைக் கண்டு பயந்து வாராவாரம் தண்ணீர் மாற்றி, பாஸ்பேட் உறிஞ்சியும் போட்டால் அது இன்னும் பெருகும். நான் பார்த்தவரை புதுத் தொட்டிகள் பாசியால் கெட்டதைவிட, என்ன பாசி என்று பார்க்காமல் செய்த வைத்தியத்தால் கெட்டதுதான் அதிகம்.

உங்கள் கடிதத்திலேயே துப்பு நிறைய இருக்கிறது. தம்பி எதைப் படித்துப் பயந்தான் என்று எனக்குப் புரிகிறது. 'காலையில் குறையும், மாலையில் கூடும், குமிழி இருக்கும்' என்பதைத்தான் எல்லா இடத்திலும் டைனோவின் அடையாளமாகச் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் டைனோவுக்கு மட்டுமான அடையாளம் இல்லை. வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் எந்தப் பாசியும் பகலில் ஆக்சிஜனை வெளிவிடும். அந்த ஆக்சிஜன்தான் குமிழியாக மாட்டிக்கொண்டு நிற்கிறது. டயாட்டமும் பகலில் பெருகும், இரவில் வெளிறும், சயனோவும் அப்படித்தான். ஆகவே இந்த ஒன்றை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

மற்றவற்றைப் பாருங்கள். நைட்ரேட் 20 இருக்கிறது, அதாவது தொட்டி பட்டினியில் இல்லை. நத்தைகள் ஐந்தும் நன்றாக இருக்கின்றன. டைனோவில் சில வகைகளுக்கு நஞ்சு உண்டு. அதை மேயும் நத்தைகள் சோர்ந்து கண்ணாடியிலிருந்து விழுவதும் சாவதும்தான் பல வீடுகளில் முதல் எச்சரிக்கையாக வரும். உங்கள் வீட்டில் அது இல்லை. தொடங்கிய நேரமும் ஒத்துப்போகிறது. புதுத் தொட்டியில் இரண்டு மூன்று வாரத்தில் டயாட்டம் வருவது வாடிக்கை. சரி, இவ்வளவும் ஊகம். இனி கையால் சோதிப்போம்.

விளக்கு எரிந்து ஐந்தாறு மணி நேரம் ஆன பிறகு, பழுப்பு நன்றாகத் தெரியும்போது செய்யுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, டியூபை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கம் நம் பக்கம் எல்லோருக்கும் உண்டு. உப்புநீர்த் தொட்டியில் அது வேண்டவே வேண்டாம்.

வேவ்மேக்கரை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்றால் மணல்மேல் இருக்கும் பழுப்பை மெதுவாக உறிஞ்சுங்கள். அப்போதே பாதி தெரிந்துவிடும். தூளாகக் கலைந்து மேகமாய்ப் பரவினால் டயாட்டம் பக்கம். தாளாக உரிந்து வந்தால் சயனோ. சளி போல இழுபட்டு, நூலாய் நீண்டு, நுனியில் குமிழியோடு ஆடினால் டைனோ பக்கம்.

எடுத்ததை மூடியுள்ள ஒரு சின்னப் பாட்டிலில், தொட்டித் தண்ணீரோடு சேர்த்துப் பலமாகக் குலுக்குங்கள். கட்டி எதுவும் இல்லாமல் கலங்கிப்போக வேண்டும். பிறகு அதை டிஷ்யூ பேப்பர் வழியாக ஒரு கண்ணாடி டம்ளரில் வடித்து, தொட்டி விளக்குக்குக் கீழே ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். டைனோ நீந்தக்கூடிய உயிர். தனித்தனியாகப் பிரிந்து பேப்பரைத் தாண்டி வந்தவை மறுபடி ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து, டம்ளருக்குள் இழையாகவோ சிறு கட்டியாகவோ கூடும். டயாட்டம் அப்படிக் கூடாது. பெரும்பாலும் பேப்பரிலேயே தங்கிவிடும், தப்பி வந்தது அடியில் தூளாகப் படியும். சயனோவும் பெரும்பாலும் இப்படி மறுபடி ஒன்று சேராது.

டம்ளர் சோதனையில் சில நேரம் குழப்பம் வரும். ஆனால் உங்களிடம் மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. உங்கள் பள்ளியின் உயிரியல் ஆய்வகம். வெங்காயத் தோலைப் பார்க்க வைத்திருக்கும் அந்தச் சாதாரண நுண்ணோக்கியே போதும். தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு தம்பியையும் ஒரு நாள் கூட்டிப் போங்கள். காலையில் எடுத்த சொட்டை, சூடாகாமல், சில மணி நேரத்துக்குள் பாருங்கள். வெகுநேரம் ஆனால் நீந்துவது நின்றுவிடும். முதலில் 100 மடங்கு, பிறகு 400.

டயாட்டம் என்றால் படகு வடிவமோ ஊசி வடிவமோ இருக்கும். ஓரங்கள் கீறி வரைந்தது போலத் துல்லியமாக இருக்கும், உள்ளே பொன்பழுப்பு. சில வகை அசையாது; அசைபவை ஒரே நேர்கோட்டில் மெல்ல வழுக்கிப்போகும், அதே பாதையில் திரும்பி வரும். சயனோ என்றால் கிளையே இல்லாத மெல்லிய இழைகள் பின்னிக் கிடக்கும். டைனோ என்றால் சந்தேகமே வராது. உருண்டையாகவோ முட்டை வடிவிலோ இருந்துகொண்டு சுழலும், துள்ளும், நீந்தும். ஒரு பக்கம் கூர்மையாகச் சொட்டு வடிவில், எதிலோ கட்டிப்போட்டது போல ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் அது ஆஸ்ட்ரியாப்ஸிஸ். நத்தைகளைக் கொல்வதில் பேர்போனது அதுதான். செல்போன் கேமராவை நுண்ணோக்கிக் கண்ணாடிமேல் வைத்தால் வீடியோவே எடுத்துவிடலாம். படத்தைவிட வீடியோ மேல், ஏனென்றால் அசைவுதான் அடையாளம்.

தம்பிக்கு ஒரு செய்தி. அவன் வெறுக்கும் அந்தப் பழுப்புத் தூளில் ஒவ்வொன்றும் சிலிகாவால் தனக்கென ஓர் ஓடு கட்டிக்கொண்டு உள்ளே வாழ்கிறது. நம் தொட்டிக் கண்ணாடிக்கும் மூலப்பொருள் சிலிகாதான். உலகத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை டயாட்டங்கள் செய்கின்றன. நுண்ணோக்கியில் ஒரு முறை பார்த்துவிட்டால் அவனுக்கு அதன்மேல் கோபம் போய்விடும்.

இனி, அந்தச் சிலிகா எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி 'ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ். 80' என்பதுதான்.

மதுரையைச் சுற்றி நிலத்தடி கடினப் பாறை. வெளியே யானைமலையாக நிமிர்ந்து நிற்கிறதே, அந்த மாதிரிப் பாறைதான் நம் போர்க்குழாய் இறங்கும் இடத்திலும். அந்தப் பாறையில் உள்ள தாதுக்கள் சிதையச் சிதைய, சிலிகா தண்ணீரில் கரைந்து வருகிறது. குடிக்கிறவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை. டயாட்டத்துக்கு அது வீடு கட்டும் செங்கல்.

சமையலறை ஆர்.ஓ. நமக்குக் குடிக்கச் செய்தது. சவ்வு தண்ணீரை நன்றாகத்தான் வடிகட்டுகிறது. ஆனால் வெறும் தண்ணீர் சப்பென்றிருக்கும் என்பதற்காக, டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற சின்னத் திருகு வழியாகக் கொஞ்சம் போர் தண்ணீரை மறுபடி கலந்துவிடுகிறார்கள். போதாததற்கு மினரல் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் இருக்கும். உங்கள் 80 அங்கிருந்துதான் வந்திருக்கும். அப்படியென்றால் ஒவ்வொரு குடம் ஊற்றும்போதும் சிலிகேட்டையும் சேர்த்து ஊற்றுகிறீர்கள். முதல் நாள் ஊற்றியது மட்டும் என்றால் டயாட்டம் அதைத் தின்று தீர்த்துவிட்டு எப்போதோ மறைந்திருக்கும். நம் ஊர் வெயிலில் மூன்றடித் தொட்டியிலிருந்து, மின்விசிறியும் வைத்தால், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்; உப்பும் சிலிகேட்டும் உள்ளேயே தங்கும். நீங்கள் தினமும் நிரப்புவதில் புதுச் சிலிகேட் வருகிறது. நான்கு வாரம் ஆகியும் பழுப்பு போகாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்குத் தீர்வு ஆர்.ஓ.வைத் தூக்கிப் போடுவது இல்லை. சர்வீஸ் செய்கிறவரை வரச்சொல்லி, சவ்வை விட்டு வெளியே வரும் இடத்திலேயே, அந்தத் திருகுக்கும் மினரல் கார்ட்ரிட்ஜுக்கும் முன்னால், ஒரு 'டி' வடிவ இணைப்புப் போட்டுத் தனி டியூப் எடுக்கச் சொல்லுங்கள். அதன் முடிவில், மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் மணிகள் நிரப்பிய குழல் ஒன்றை மாட்டுங்கள். தீரும்போது நிறம் மாறும் ரெசின் வாங்குவது நல்லது. அந்தக் குழாயில் வரும் தண்ணீர் மீட்டரில் 0 காட்ட வேண்டும். இயந்திரத்தைப் போட்டதும் முதலில் வரும் ஓரிரு லிட்டரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள், அதில் டி.டி.எஸ். கூடுதலாக இருக்கும், செடிக்கு ஊற்றுங்கள்.

ஒரு நுணுக்கம் இங்கே இருக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை. சாதாரணத் தண்ணீரில் சிலிகா பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாமல் கரைந்திருப்பதால் மீட்டரின் கண்ணில் அது படாது. ரெசினும் அதைப் பலவீனமாகத்தான் பிடித்து வைக்கும். ரெசின் தீரத் தொடங்கும்போது முதலில் நழுவி வருவது சிலிகாதான், அப்போதும் மீட்டர் 0 காட்டிக்கொண்டிருக்கும். அதனால் நிறம் முழுக்க மாறும்வரை காத்திருக்காமல் முக்கால்வாசியிலேயே ரெசினை மாற்றிவிடுங்கள்.

கேன் தண்ணீர் இதற்கு மாற்று ஆகாது. அதிலும் மினரல் சேர்த்திருப்பார்கள். மாநகராட்சித் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வந்தாலும் அதையும் இதே வழியாகத்தான் எடுக்க வேண்டும். அப்புறம், ஆவியான தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் வேண்டாம். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 பக்கம் நிற்கட்டும். முள் ஆடும் ஹைட்ரோமீட்டரில் குமிழி ஒட்டினால் தப்பாகக் காட்டும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவைத்தால் நிம்மதி.

தண்ணீர் சரியானால் பழுப்பு சில வாரங்களில் தானே மெலியும். அதுவரை வாரம் ஒரு முறை மணலின் மேற்பரப்பை மட்டும் சைஃபன் வைத்து உறிஞ்சி எடுங்கள். தினமும் துடைத்து உங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கருஞ்சிவப்புப் படலத்துக்கு வருகிறேன். பெயரைப் பாசி என்று சொன்னாலும் அது பாக்டீரியா. தொட்டால் வழுக்கும், ஓரத்தைப் பிடித்தால் விரிப்பாக உரிந்து வரும், மூக்கருகே கொண்டுபோனால் ஒரு கெட்ட வாடை அடிக்கும். மூன்றும் இருந்தால் வேறு சோதனை தேவையில்லை. வேவ்மேக்கர் இடது பக்கம் இருக்கிறது, படலம் வலது மூலையில். நீரோட்டம் போய்ச் சேராத இடத்தில் மிச்சத் தீவனம் ஒதுங்கி அழுகுகிறது, சயனோ அதன்மேல் படுக்கை விரிக்கிறது.

விரலளவு மீன் இரண்டுக்கு மூன்று வேளைத் தீவனம் மிக அதிகம். ஒரு வேளை போதும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. உறைந்த ஆர்ட்டீமியா (இறால் போன்ற சிற்றுயிர்) கொடுப்பதானால் உருக்கி, வடிகட்டி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். தம்பிக்கு ஊட்டும் ஆசை அதிகம் இருக்கும். ஒரு வேளைக்கான அளவை நீங்களே எடுத்துக் கொடுத்து, போடுவதை அவனிடம் விட்டுவிடுங்கள்.

வேவ்மேக்கரை வலது மூலையில் ஓட்டம் படும்படி திருப்புங்கள். உங்கள் தொட்டி நிறையப் பிடித்தால் 160 லிட்டர். கல், மணல் போக எப்படிப் பார்த்தாலும் மணிக்கு 3,000 லிட்டர் ஓட்டமாவது வேண்டும். இப்போதுள்ளது அதற்குக் குறைவு என்றால் எதிர்ப்பக்கம் இன்னொன்று வையுங்கள். பிறகு ஏர் டியூபால் படலத்தை ஓரத்திலிருந்து சுருட்டி உறிஞ்சி வெளியே எடுங்கள். கலைத்துவிடக் கூடாது. கலைத்தால் துண்டுகள் தொட்டி முழுக்கப் போய் ஒட்டும். வாரத்துக்குப் பத்து சதவீதத் தண்ணீர் மாற்றும்போது இதையும் சேர்த்துச் செய்தால் வேலை ஒன்றாக முடிந்துவிடும்.

பச்சை ரோமத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விரலால் பிடுங்குங்கள். கல்லை எடுக்க முடிந்தால், வாளியில் தொட்டித் தண்ணீர் எடுத்து அதற்குள் வைத்துப் புதுப் பல்துலக்கியால் தேயுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் கல்லில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியா செத்துப்போகும். பிடுங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இழை வெறும் முடியாக இருந்தால் சாதாரண வகை, நத்தைகள் மேயும். ஒவ்வொரு இழையும் பறவை இறகு வடிவில் இரு பக்கமும் கிளைத்திருந்தால் பிரையாப்ஸிஸ்; அதை மேய ஆள் கிடைப்பது கஷ்டம், பரவுவதற்கு முன் அந்தக் கல்லையே வெளியே எடுத்துவிடுவது நல்லது. பளபளப்பான பச்சை உருண்டைகள் கண்ணில் பட்டால் உடைக்காமல் முழுசாகக் கிள்ளி எடுங்கள்.

தேய்க்கும்போது தொடக் கூடாத ஒன்றும் உண்டு. கல்லிலோ கண்ணாடியிலோ இளஞ்சிவப்பாக, ஊதாவாக, நகத்தால் சுரண்டினாலும் வராத கெட்டிப் புள்ளிகள் தெரிந்தால் அது கோரலைன் பாசி. நத்தை ஓட்டில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். சுண்ணாம்பு பூசி வளரும் அது பரவப் பரவ மற்ற பாசிகளுக்கு ஒட்ட இடம் இருக்காது. காய்ந்த கல்லில் வைத்த தொட்டி என்பதால் உங்களுக்கு அது வர மாதங்கள் ஆகலாம். வந்தால் கொண்டாடுங்கள்.

விளக்கு பன்னிரண்டு மணி நேரம் வேண்டாம். பவளம் இல்லாத தொட்டிக்கு ஏழு மணி நேரம் தாராளம். மதியம் 2 முதல் 9 வரை என்று டைமரில் வைத்துவிட்டால் தம்பி பள்ளி விட்டு வந்து பார்க்கவும் முடியும். கிழக்கு ஜன்னலுக்குத் திரை போடுங்கள். பாஸ்பேட் சோதனைக் கிட் ஒன்று அவசியம் வாங்குங்கள். காய்ந்த கற்கள் பழைய பாஸ்பேட்டை மாதக்கணக்கில் கசிய விடும். 0.03 முதல் 0.1 பிபிஎம்முக்குள் இருந்தால் நல்லது. கிட் குறைவாகக் காட்டினாலும் ஏமாந்துவிடாதீர்கள், பச்சைப் பாசி கசிவதை அவ்வப்போதே உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். நைட்ரேட் 20 ஆபத்தான அளவு இல்லை. தீவனத்தைக் குறைத்தால் அது தானாக இறங்கும். இரண்டையும் பூஜ்யமாக்க வேண்டும் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள், டைனோவுக்குக் கதவு திறப்பது அதுதான்.

பாட்டிலை ஏன் திறக்கக் கூடாது என்று சொல்கிறேன். நன்னீர்த் தொட்டிக்கு விற்கும் பாசிக்கொல்லிகள் பலவற்றில் காப்பர் இருக்கிறது. லேபிளைப் படித்துப் பாருங்கள். மீன் தாங்கினாலும் நத்தை தாங்காது, இறால் தாங்காது, நாளைக்குப் பவளம் வைக்க நினைத்தால் அதுவும் தாங்காது. காப்பர் கல்லிலும் மணலிலும் ஏறிக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சிவப்புப் படலத்துக்கென்று விற்பவற்றில் சிலவற்றில் எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் இருக்கும். சயனோ பாக்டீரியா என்பதால் அது வேலை செய்யும்தான். அம்மோனியாவைச் சமாளிக்கும் உங்கள் நல்ல பாக்டீரியாவுக்கு வயது ஏழு வாரம்; அவற்றையும் அது பதம் பார்க்கலாம். அதோடு ஒரே நேரத்தில் செத்த படலம் அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் கோடையில் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. இரவில் கரன்ட்டும் போனால் விடியும்போது மீன் மேலே மிதக்கும். எந்த நிலையிலும், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பாசி பெருகி மடிந்தால் ஆக்சிஜன் என்ன ஆகும் என்பதற்குத் தொட்டியைத் தாண்டியும் சான்று இருக்கிறது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூக்கா என்ற ஒரு வகை டைனோஃபிளாஜெல்லேட் பெருகிக் கடலே பச்சையானது. நீரில் ஆக்சிஜன் இறங்கி, குருசடை, சிங்கிள் தீவுகளை ஒட்டிய பவளங்கள் மடிந்தன, மீன்களும் செத்தன.

இதைச் சொல்லும்போதே உங்கள் கணவரின் யோசனைக்கும் வந்துவிட்டோம். கல் விஷயத்தில் ஒரே பதில்: கூடாது. மண்டபம், ராமேஸ்வரம் கடற்கரையில் கிடக்கும் பவளக்கல், செத்துக் கரை ஒதுங்கியதாக இருந்தாலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. எடுத்தாலும் வைத்திருந்தாலும் குற்றம். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பாறைகள் ஏற்கெனவே போதுமான அளவு அடிபட்டிருக்கின்றன. வீட்டுத் தொட்டிக்காக ஒரு கல்லைக்கூட அங்கிருந்து பெயர்க்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கடையில் யாராவது 'உள்ளூர் லைவ் ராக்' (உயிர்கள் குடியிருக்கும் கடல் கல்) என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடல் தண்ணீர் எடுப்பதை நான் அப்படித் தடுக்க மாட்டேன், ஆனால் இப்போது அது உங்களுக்கு உதவாது. கரையோரத் தண்ணீரில் சிலிகேட் இருக்கிறது, டயாட்டத்தின் விதையும் இருக்கிறது, டைனோவும் இருக்கலாம். கேனில் அடைத்து மதுரை வருவதற்குள் வெயிலில் அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்து அழுகத் தொடங்கிவிடும். பாக்கெட் உப்பும் நல்ல தண்ணீரும் போதும்.

ஆனாலும் ராமேஸ்வரம் போய்வாருங்கள். மண்டபம், பாம்பன் பக்கத்து மீனவப் பெண்கள் கடலில் மூழ்கி எடுத்துவந்து கரையில் காயவைக்கும் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்ற கடற்பாசிகள் எல்லாவற்றையும் தம்பி பார்க்கட்டும். வீட்டுக் கண்ணாடியில் தேய்த்துத் தள்ளும் பாசியின் உறவுக்காரர்களை நம்பி எத்தனை குடும்பங்கள் பிழைக்கின்றன என்று அவனுக்குத் தெரியும். நீரோட்டம் குறைந்து கடல் தெளிந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள்.

புது மீன் எதுவும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு பாசி போய் இன்னொன்று வந்துகொண்டிருக்கும், புதுத் தொட்டியின் சுபாவம் அது. முதலில் டம்ளர் சோதனையையும் நுண்ணோக்கியையும் முடியுங்கள். அந்த வீடியோவையும் பாஸ்பேட் அளவையும் புதுக் குழாயில் வரும் தண்ணீரின் டி.டி.எஸ். எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எனக்கு மாறாகத் தம்பி சொன்னதே சரியாகி, சொட்டில் சுழன்று நீந்துவது தெரிந்தால், தண்ணீர் மாற்றுவதை அன்றே நிறுத்திவிடுங்கள், பாஸ்பேட் உறிஞ்சி எதுவும் போடாதீர்கள், நத்தைகளைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு உடனே எழுதுங்கள். எந்த வகை டைனோ என்று பார்த்துக்கொண்டு மேலே என்ன செய்வது என்று சொல்கிறேன்.